நண்டுவாயில ஒண்ணும் கிடையாது

இரிங்க தம்பி, இரிங்க. அது எனக்க துவர்த்துதான், தோள்ல போடுக துண்டு. எடுத்து ஓரமா போட்டுட்டு இரிங்க. ஆளு வருமான்னா கேக்கிய? வரும்னுதான் ஜன்னல் வழியாத் துவர்த்தப் போட்டு எடம் பிடிச்சேன். வெள்ளிக்கிழம தோறும் இதான் எனக்குச் சோலி. ஆளு வந்தாச்சு, பஸ்லயும் ஏறியாச்சு. ஆனா இங்க வராது. அந்தா முன்னால, லேடீஸ் சீட்டுல பச்சை சேலை தெரியுதா? பக்கத்துல யாரும் வந்து இருந்துரக் கூடாதுன்னு பைய வச்சு மறிச்சிருக்கே, அதுதான். எனக்க பெஞ்சாதி. சொர்ணம்னு பேரு. ஒரே வீட்டுல இருந்து ஒண்ணா எறங்கி, ஒரே பஸ்ல ஏறி, ஒரே எடத்துக்குப் போறோம். அவ முன்னால, நான் பின்னால. நல்லாயிருக்குல்லா?

நீங்க எதுவரைக்கும்? நண்டுவாயா?

அது செரி. கழுத்துல கேமராவப் பாத்தப்பவே நெனச்சேன். எந்த ஊரு, கோயம்புத்தூரா? அங்க இருந்து ராத்திரி பூரா ரயில்ல குந்தியிருந்து, எறங்குனதும் குளிச்சும் குளிக்காமலும் இந்த பஸ்ல ஏறி, நண்டுவாயப் பாக்க வாறிய. போன்ல எவனோ படம் போட்டிருப்பான். அமைதியான மணல், சுத்தி வரப் பாறைன்னு எழுதியிருப்பான். அவன மட்டும் எங்கையில காட்டுங்க, நல்லாக் கேக்கேன் நாலு வார்த்த.

நான் சொல்லுகேன் தம்பி, அங்க ஒண்ணும் கிடையாது. ரெண்டு பாறை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும், நண்டுக்க கொடுக்கு மாதிரி. நடுவுல கொஞ்சம் மணல். எங்க தெரு நீளம்கூட வராது. ஒரு டீக்கடை கிடையாது. கக்கூஸ் கிடையாது. ஒதுங்க ஒரு தென்னை மரம் கிடையாது. பஸ் மேல ரோட்டுல எறக்கி விட்டுருவான், கல்லுல கால வச்சு வச்சு எறங்கணும். எறங்குனா, தண்ணி வருது, போகுது. எல்லா ஊர் கடல்லயும் தண்ணி வரத்தான் செய்யும், போகத்தான் செய்யும். இதுல என்ன பவுசு?

டிக்கெட் வாங்கிட்டியளா? அந்தக் கண்டக்டர் இங்க வரமாட்டான், நீங்கதான் கூப்பிடணும். பாருங்க, பைய மாட்டியிருக்க லெச்சணத்த. எனக்க சர்வீஸ்ல இப்படி ஒருத்தன் நின்னான்னா தொலஞ்சான். ஆமா, டிரான்ஸ்போர்ட்லதான் இருந்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர். தாணுலிங்கம் ஏறுகாருன்னு தெரிஞ்சா இந்த ரூட்டுல தூங்குகவனெல்லாம் முழிச்சிருவான். முக்கியமா இந்த லேடீஸ் சீட்டு. அதுல ஆம்பள இருந்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். "சார், எனக்க வீட்டுக்காரி பக்கத்துலதான் இருக்கேன்"ம்பான். "வீட்டுக்காரின்னா வீட்டுல போய்ப் பக்கத்துல இரு, இது வண்டி, எந்திரி"ம்பேன். கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போற மாப்பிள்ளையையே மாலையோட எழுப்பி விட்டிருக்கேன். அந்தக் கல்யாணப் பொண்ணு மொறச்சுது என்னைய. மொறச்சா? சட்டம்னா சட்டம்.

எதுல விட்டேன்? ஆங், நண்டுவாய்.

இதெல்லாம் எதுல தொடங்குச்சுன்னா, பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாதுன்னு ஆக்குனாங்க பாருங்க, அதுலதான். முன்ன சொர்ணம் எங்க போகணும்னாலும் எங்கிட்டக் கேட்டுத்தான் போகணும். எதுக்கு, எந்த வண்டி, எப்பம் வருவன்னு நான் ஒரு வார்த்த கேப்பேன். அவளும் பாதி நாள் "வேண்டாம், போகல்ல"ன்னு இருந்துருவா. பிரச்சன கிடையாது. இப்பம் கைய வீசிக்கிட்டு ஏறுகா, கைய வீசிக்கிட்டு எறங்குகா.

அப்புறம் அந்த டாக்டரு. புரட்டாசி மாசம் இவளுக்குத் தல சுத்து வந்துது. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன், பின்ன வேற யாரு? டாக்டர் ஒரு சின்னப் பய, மீச சரியா மொளைக்கல்ல. "உங்களுக்கு என்னம்மா செய்யுது?"ன்னு கேட்டான். நான் எல்லாம் வெவரமாச் சொன்னேன். எப்பம் சுத்துது, என்ன தின்னா சுத்துது, அவளுக்க அம்மைக்கு இருந்த வியாதி, அவ உப்பக் குறைக்க மாட்டேங்குகா, சாயங்காலம் நடக்கச் சொன்னா நடக்க மாட்டேங்குகா, எல்லாத்தையும். ஒரு டாக்டருக்கு இதுக்கு மேல என்ன வேணும்? அந்தப் பய என்ன சொன்னான் தெரியுமா? "சார், நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க, அவங்க பேசட்டும்." என்னைய! வெளிய பெஞ்சுல, இருமிக்கிட்டுக் கெடந்த ஒரு கெழவன் பக்கத்துல இருக்க வச்சுட்டான்.

உள்ள என்ன பேசுனாளோ. வெளிய வந்தா கண்ணு செவந்திருந்துது. மாத்திரச் சீட்டக் காட்டுனா. கீழ அந்தப் பய எழுதியிருக்கான், சத்தமில்லாத எடத்துல தினமும் கொஞ்ச நேரம் இருக்கணும்னு. படிச்சுப் படிச்சுச் சிரிச்சேன். சத்தமா? எங்க வீட்டுலயா? மகன் பெங்களூருல. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். டிவி ரிப்பேராகிக் கெடக்கு. அவளோ வாயத் தொறக்கவே மாட்டா. பின்ன எங்க இருந்து வருது சத்தம்? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்கு நின்ன பேச்சுதான் தம்பி. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கிடையாது. சண்டையும் கிடையாது, அதான் கொடும. நேரத்துக்குச் சோறு உண்டு, குளிக்க வெந்நீர் உண்டு, சட்ட துவைச்சு மடிச்சு இருக்கும். பேச்சு மட்டும் கிடையாது. நான் கேக்கேன், விடிஞ்சதுல இருந்து கேக்கேன். "என்ன கோவம்? நான் என்ன செஞ்சேன்? அடிச்சனா, குடிச்சனா?" தேங்காயத் துருவிக்கிட்டே இருப்பா. சரி, துருவுகதாவது ஒழுங்காத் துருவு, கறுப்பு விழுதுன்னு சொல்லுவேன்.

ஐப்பசியில ஒரு வெள்ளிக்கிழம குடைய எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டா. மறு வெள்ளியும் அப்படி. எங்க போறான்னு பக்கத்து வீட்டுக்காரிக்கிட்ட விசாரிச்சா, "கடலுக்கு"ன்னு சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா. கடலுக்கா? கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல கன்னியாகுமரிக்கு விருந்தாளி வந்தாக்கூட, "நான் வீட்டப் பாத்துக்கிடுகேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னு சொன்னவ. மூணாவது வெள்ளி அவ ஏறுன வண்டிய விட்டுட்டு அடுத்த வண்டியில போனேன். எந்த வண்டி எங்க போய் எப்பம் திரும்பும்னு எனக்கா தெரியாது? அவ போன வண்டி திரும்பி எதுத்தாப்புல வந்துது, அந்தக் கண்டக்டர மெரட்டுனதும் சொல்லிட்டான், அந்தம்மா நண்டுவாய்ல எறங்குனாங்கன்னு.

போய்ப் பாத்தா, சும்மா இருக்கா! குடைய விரிச்சு மணல்ல குத்தி வச்சுட்டு, கால நீட்டி, சும்மா இருக்கா. சாமி கும்பிடல்ல. யாருகிட்டயும் பேசல்ல. ஒரு கடலக்கூடக் கொறிக்கல்ல. ஒரு மனுசி வீடு வாசல விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்து சும்மா இருப்பாளா? எனக்கு வந்துது பாருங்க கோவம். மேல நின்னு கூப்பிட்டேன். "எட்டீ சொர்ணம்! ஏறி வா மேல!" எனக்க தொண்ட சாதாரணத் தொண்டயா? ஆனா அந்தக் கடலு இருக்கே, மரியாத தெரியாத கடலு. அங்க நின்னு கத்துனா பக்கத்துல நிக்கவனுக்கே கேக்காது. சரின்னு அந்த வலது பக்கத்துப் பாறை உச்சியில ஏறுனேன். தோள்ல கெடந்த துவர்த்த எடுத்து வீசுனேன். இந்தத் துவர்த்துதான். ஏறி வா, ஏறி வான்னு ரெண்டு கையாலயும் வீசு வீசுன்னு வீசுனேன்.

அவ திரும்பிப் பாக்கல்ல. ஆனா கடல்ல ஒரு வள்ளம் கெடந்துது பாருங்க, அதுல உள்ளவனுவ எல்லாம் பாத்தானுவ. பாத்துட்டு ஒரே மூச்சாத் துடுப்பு வலிக்கானுவ, வலையக் கடல்ல எறக்கிக்கிட்டே. எனக்கென்ன தெரியும்? நான் எனக்க வீட்டுக்காரியக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கேன்.

கரமடின்னு ஒரு வல உண்டு, தெரியுமா? வள்ளத்துல கொண்டு போய் மீன வளைச்சு விட்டுட்டு, ரெண்டு பக்கக் கயித்தையும் கரையில நின்னு இழுப்பானுவ. வள்ளத்துல இருக்கவனுக்கு மீன் கூட்டம் தெரியாது. மேல பாறையில ஒருத்தன் நிப்பான், அவனுக்குத்தான் தண்ணிக்க நிறம் மாறுகது தெரியும். கத்துனா கேக்காதுல்லா, அதனால துவர்த்தாலதான் பேச்சு. இந்தப் பக்கம் வீசுனா இங்கன வா, அந்தப் பக்கம் வீசுனா அங்கன போ, தலைக்கு மேல ரெண்டு கையாலயும் வீசுனா வலைய விடு. இதெல்லாம் எனக்குப் பின்னால தெரிஞ்ச வெவரம். அன்னைக்கு அந்தக் காவக்காரன், தனிஸ்லாஸ்னு ஒருத்தன், பாறைக்குப் பின்னால ஒண்ணுக்கு இருக்கப் போயிருக்கான். அந்த நேரம் பாத்து நான் ஏறியிருக்கேன். சாளை மீன் எடது பாறையோரம் மொய்ச்சுக்கிட்டு நின்னுதாம். இவனுவ வலது பக்கம் வெறுந் தண்ணிய வளைச்சுட்டானுவ. மீன் எல்லாம் ஓடியே போச்சு.

வந்தான் பாருங்க தனிஸ்லாஸ், வேட்டியக் கட்டியும் கட்டாமலும். "ஓய்! நீரு ஆருவோய்? ஆரு உம்ம ஏறச் சொன்னது?" நான் யாருன்னு சொன்னேன். ரிட்டயர்டு செக்கிங் இன்ஸ்பெக்டர், கார்டையும் எடுத்துக் காட்டுனேன். "கார்டக் கொண்டு கடல்ல போடும்"ங்கான். கீழ இருந்து ஒரு கூட்டம் ஏறி வருது. பொம்பளைக சாக்க உதறிக்கிட்டு வாறாளுவ, மீன் வாங்க நின்னவளுவ. என்ன பேச்சு, என்ன ஏச்சு! எனக்க வயசுக்கு ஒரு மரியாத கிடையாது. நானும் விடல்ல. பொது எடத்துல துவர்த்து வீசக் கூடாதுன்னு எங்க போர்டு வச்சிருக்கன்னு கேட்டேன்.

அப்பம்தான் கீழ பாக்கேன். சொர்ணம் சிரிக்கா.

முந்தானைய வாயில அடக்கிக்கிட்டுச் சிரிக்கா. தோள் குலுங்குது. அடக்க முடியாம குடைக்கம்பப் பிடிச்சுக்கிட்டு மணல்ல சாஞ்சுட்டா தம்பி! எம்புருசன நடுப்பாறையில நிறுத்தி வச்சு ஏசுகானுவளேன்னு ஒரு பதட்டம் வேணுமா வேண்டாமா? சிரிக்கா! கல்யாணம் ஆன புதுசுல அப்படிச் சிரிச்சிருப்பா. அதுக்கப்புறம் நான் பாத்ததா ஓர்மை இல்ல. எனக்கு அவமானம்னா அவமானம், தல தூக்க முடியல்ல. அந்தச் சிரிப்பு மட்டும் காதுலயே கெடக்கு. அங்க இருந்து எனக்குக் கேட்டிருக்க முடியாது, கடல் சத்தம். ஆனாலும் கேட்டுது.

அவனுவளுக்கு ஒரு வழக்கம் உண்டாம். மடின்னா வலதான், மடியக் கெடுத்தவன் மடிய இழுக்கணும். என்னைய எறக்கிக் கயித்துல நிறுத்திட்டானுவ. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு இழுத்தேன், பின்ன என்ன செய்ய? உள்ளங்கை ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. இழுத்து முடிச்சா உள்ள என்ன? கொஞ்சம் நண்டு, பாசி, பிஞ்ச செருப்பு ஒண்ணு. இன்னொரு வழக்கமும் உண்டு. கயித்தத் தொட்டவனுக்குப் பங்கு இல்லாம அனுப்ப மாட்டானுவளாம். ஏசுன வாயாலேயே ஓலப்பெட்டியில நாலஞ்சு நண்டப் போட்டுக் கையில தாறான். கூறுகெட்ட ஜென்மங்க. ஏசணும்னா ஏசு, தரணும்னா தா. ரெண்டையும் ஒண்ணாவா செய்வான் ஒருத்தன்?

ராத்திரி சொர்ணம் அந்த நண்டக் குழம்பு வச்சா. எனக்க கைக்கு மஞ்சளும் எண்ணெயும் கொண்டாந்து வச்சா. கையால பிசைய முடியாதுன்னு ஸ்பூன் போட்டு வச்சிருந்தா. எதுத்தாப்புல வந்து இருந்தா தம்பி, எதுத்தாப்புல! ரெண்டு மாசத்துல மொதத் தடவ. நான் ஒரு வாய் தின்னேன். நல்லாத்தான் இருந்துது. புளி கொஞ்சம் தூக்கல், நல்லமிளகு போடாம நண்டு வைக்கலாமா, எங்கம்மை வைக்கது எப்படின்னான்னு சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். தட்ட எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. ஒரு நல்ல வார்த்த பேசவும் வழியில்ல எனக்க வீட்டுல.

அம்மாண்டிவிளை போயாச்சா? கண்டக்டர் ஊர்ப்பேரச் சொல்லுகானான்னு பாருங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?

அடுத்த வெள்ளி நானும் அவ வண்டியிலேயே ஏறுனேன். துவர்த்துப் போட்டு எடம் பிடிச்சேன், வரல்ல. மணல்ல அவ பக்கத்துல போய் இருந்தேன். இருந்து நல்லபடியாத்தான் பேசுனேன். இந்த மணல்ல இருந்தா மூட்டுக்கு ஆகாது, பக்கத்து வீட்டுக்காரன் மறுபடியும் ஓடைய நம்ம பக்கம் திருப்பி விட்டுட்டான், இப்படி வீட்டுக் காரியம். எந்திரிச்சுத் தள்ளிப் போய் இருந்தா. நானும் போனேன். இன்னும் தள்ளிப் போனா. நானும் போனேன். எவ்வளவுதான் தள்ளிப் போவா? அந்தக் கடைசியில பாறை மறிச்சிரும். அப்பம் நின்னு, என்னைய நேராப் பாத்து, முந்தானைய ரெண்டா மடிச்சா. மடிச்சுத் தோள்ல போட்டா. போட்டுட்டு முதுகக் காட்டி இருந்துட்டா.

எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. மேல போனேன். பாறையில தனிஸ்லாஸ் நிக்கான். கேட்டேன், இதுக்கு என்ன அர்த்தம்னு. அந்தச் சவம் வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான். "ஓய், அது எங்களுக்க அடையாளமில்லா! துவர்த்த ரெண்டா மடிச்சுத் தோள்ல போட்டா, மீன் பக்கத்துல நிக்குது, துடுப்புப் போடாத, சத்தம் காட்டாம இருன்னு அர்த்தம். உம்ம பெண்டாட்டி வாராவாரம் பாத்துப் படிச்சிருக்கா." அதோட நிறுத்துனானா? "எனக்க பெஞ்சாதின்னா, வாய மூடும் ஓய்னு நேராவே சொல்லுவா. உம்ம ஆளு மரியாத தெரிஞ்சவ."

எப்படி இருக்கும் எனக்கு? என்னைய வாய மூடச் சொல்லுகதுக்கு மீன்காரன்கிட்டப் போய்ப் பாஷை படிச்சிருக்கா. தமிழ் கிடையாதா? நாக்கு கிடையாதா? ஆனா தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மாசத்துக்கப்புறம் எங்கிட்டச் சொன்ன மொத வார்த்த அது. ஏச்சுன்னாலும் வார்த்ததானே.

அதுல இருந்து நான் மேல பாறையில இருப்பேன், தனிஸ்லாஸ் பக்கத்துல. கைய ஆட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் இருக்க விடுவான். அவ கீழ மணல்ல. நான் ஒண்ணும் அவளுக்காகப் போறதில்ல, கேட்டியளா? இந்த வெளங்காத எடத்துல அப்படி என்னதான் இருக்குன்னு கண்டுபிடிக்கப் போறேன். இதுவரைக்கும் ஒண்ணும் கண்டுபிடிக்கல்ல.

அதுவும் இன்னைக்கோட சரி. மகன் டிக்கெட் போட்டுட்டான். திங்கக்கிழம பெங்களூருக்கு அவள ஏத்தி விடணும். ஒரு டிக்கெட்டுதான். போன்ல கேட்டேன், "எனக்கு?"ன்னு. "அப்பாவுக்கும் போடவான்னு அம்மாகிட்டக் கேட்டேன், அம்மா பதிலே சொல்லல்ல"ங்கான். எப்பம் திரும்பி வருவியன்னு அவன் கேட்டதுக்கும் பதில் சொல்லல்லயாம். போகட்டும். நல்லாப் போகட்டும். எனக்கென்ன, சோறு பொங்கத் தெரியாதா? அங்க பத்தாவது மாடியில கூண்டுக்குள்ள போய் இருந்து பாத்தாத் தெரியும், மனுசன் பேச்சுக்க அரும.

இல்ல தம்பி. நெசத்தச் சொன்னா பயமாத்தான் இருக்கு. அவ பேசாட்டியும் அடுக்களையில பாத்திரம் உருளுக சத்தம் இருக்கும். நான் பேசுனா எங்கயோ ஒரு எடத்துல அது போய் விழும். அவளும் போயிட்டா நான் யாருகிட்டப் பேசுவேன்? சொவத்துக்கிட்டயா? இந்த மாதிரி பஸ்ல வாற கேமராக்காரங்ககிட்டயா? தப்பா எடுக்காதிய, நீங்க நல்ல பிள்ளதான், அம்மாண்டிவிளை வரைக்கும் ஒரு கொட்டாவிகூட விடாமக் கேட்டிய. ஆனா படம் எடுத்து எடுத்து என்னத்த...

இருங்க.

திரும்புகா. இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கா. எனக்க தொண்ட அங்க வரைக்கும் கேட்டிருக்கும், இது என்ன கடலா? எல்லாருமே திரும்பிப் பாக்காங்க. பாக்கட்டும்.

பாருங்க, முந்தானைய எடுக்கா. மடிக்கா. நான் சொன்னேன்லா, ரெண்டா மடிச்சு, தோள்ல... பாத்தியளா? நடு பஸ்ல! இத்தன பேருக்கு முன்னால என்னைய! மேட்டிமையப் பாத்தியளா? நான் இந்த ரூட்டுல...

அது என்னத்துக்குப் பைய எடுக்கா? ஸ்டாப் இன்னும் வரல்லயே. எந்திரிக்கல்ல. சீட்டுல இருந்த பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. ஜன்னல் பக்கமா நகந்துட்டா.

லேடீஸ் சீட்டு தம்பி அது. எத்தன பேர எழுப்பி விட்டிருக்கேன். அந்தக் கண்டக்டர் பய பாத்தா என்ன நெனப்பான்?

கொஞ்சம் கால எடுங்க. நகருங்க, நகருங்க. அந்தத் துவர்த்து உங்க பக்கம் கெடக்கு பாருங்க, எடுத்துத் தாங்க. அய்ய, அப்படிச் சுருட்டித் தராதிய.

ரெண்டா மடிச்சு.